எந்த ஊசி யாருக்கு

அந்தோணிமேரி பிரம்மதேசம் துணை சுகாதார நிலையத்துக்குக் கிராம நர்சாக வந்தது 1993இல். அதே வருஷம் தை மாதம் அவளுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. கணவர் சவுரிராயன், விழுப்புரம் டிப்போவில் அரசு பஸ் டிரைவர். திண்டிவனத்தில் மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. காலையில் அவர் விழுப்புரம் போகும் வண்டியைப் பிடிப்பார், அவள் மரக்காணம் போகும் வண்டியைப் பிடிப்பாள். பிரம்மதேசத்தில் இறங்கி ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பாள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறது என்று பிள்ளையை முந்தானைக்குள் மறைக்கும் பெண்களிடம் அவள் சண்டை போட மாட்டாள். "காய்ச்சல் வந்தா நல்லதுதாம்மா. உடம்பு அத அடையாளம் கண்டுக்கினு எதுத்து நிக்குதுன்னு அர்த்தம்" என்பாள். அவள் வந்த புதிதில் தட்டம்மையில் பிள்ளைகளைப் புதைத்த தெருக்களில், பத்து வருஷத்துக்குள் அந்தப் பேச்சே இல்லாமல் போயிற்று. அவளுக்குச் சொந்தமாகப் பிள்ளை தங்கவில்லை. ஆனால் பிரம்மதேசத்தைச் சுற்றி அவள் கைபடாத தோள்பட்டை இல்லை. ஜெபத்தைப் பற்றிப் பேசும்போதுகூட அவள் குரலில் ஒரு தயக்கம் இருக்கும். ஊசியைப் பற்றிப் பேசும்போது இருக்காது.

2011இல் மழைக்காலம் ஆரம்பித்த சமயம், சவுரிராயன் ஓட்டிவந்த பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் இடது பக்கத் தடுப்பில் உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று பயணிகள் திட்டினார்கள். வாழ்நாளில் கள்ளைக்கூட மோந்து பார்க்காத மனுஷன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர்தான் கையைப் பிடித்து இறக்கி, ஆட்டோ வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

"இடது பக்கம் தடுப்பே தெரியல மேரி. ரோடு பாதியோட முடிஞ்சி போனாப்ல இருந்துச்சு" என்றார்.

அவள் அவருக்கு எதிரே நின்று, தன் விரலை அவருடைய இடது பக்கமாக மெல்ல நகர்த்தினாள். "விரல் தெரியுதாங்க?"

"எந்த விரலு?"

அவள் விரலை மெல்ல இறக்கினாள்.

பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பின்பக்கம் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி. சென்னைக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டர்கள் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. கட்டியை எடுக்கலாம், கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கலாம், மாத்திரை தரலாம். எல்லாம் செய்தாலும் அது திரும்ப வரும். ஒரு வருஷம், அதற்கு மேல் சில மாதம். அவ்வளவுதான் சொன்னார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான் டாக்டர் கோதண்டபாணி அவர்களைப் பார்க்க வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒடிசல், முகத்தில் எந்நேரமும் தூக்கம் போதாத களை. மூளைக்கட்டிக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் பல வருஷமாக இருப்பவர். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக விளக்கினார்.

"தடுப்பூசின்னா நோய் வரதுக்கு முன்னாடிதானே டாக்டர்?" என்று கேட்டாள் அந்தோணிமேரி.

"சின்னப் பிள்ளைங்களுக்குப் போடறது அப்படித்தான். இது வந்த பிறகு போடறது. கிருமி வெளியிலேர்ந்து வருது, அதனால உடம்பு அத எதிரின்னு உடனே கண்டுபிடிச்சிடும். கட்டி அப்படி இல்லம்மா. அது நம்ம உடம்புலயே வளந்தது. நம்ம ஆளுன்னு உடம்பு சும்மா இருந்துடுது. நாளைக்கு எடுக்கிற கட்டியில கொஞ்சத்தப் பத்திரமா வெச்சுக்குவோம். அப்புறம் இவர் ரத்தத்துலேர்ந்து சில வெள்ளை அணுக்கள மட்டும் பிரிச்சு எடுத்து, வெளியில வளத்து, அந்தக் கட்டியோட சத்தை அதுங்களுக்குக் காட்டுவோம். காட்டிட்டு, திரும்ப இவர் கையிலயே ஊசியாப் போடுவோம்."

சவுரிராயன் தலையை வலது பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். அந்தப் பக்கம்தான் அவருக்கு மனிதர்கள் தெரிவார்கள். "போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோவக் காட்டி, இவன எங்க பாத்தாலும் புடின்னு சொல்லி அனுப்பற மாதிரியா சார்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான்."

ஆனால் இதில் இன்னொன்று இருக்கிறது என்றார். இது வேலை செய்கிறதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, சேருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கட்டியைக் காட்டிய அணுக்களையும், மீதிப் பேருக்குக் காட்டாத வெறும் அணுக்களையும் போட்டுப் பார்ப்பது. எந்த ஊசி யாருக்கு என்பது போடுகிற நர்சுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள்.

"அப்ப எனக்கு வெறும் ஊசியா இருந்தாலும் நீங்க சொல்ல மாட்டீங்க" என்றார் சவுரிராயன்.

"எனக்கே தெரியாதுங்க."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சரி, போடுங்க. சும்மா இருக்கிறதுக்கு இது தேவலாம்."

அதே வாரம், அதே வார்டில், அதே ஆபரேஷனுக்கு வந்திருந்தவர் சிங்காரம். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரர். நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்து, கூட இருந்தவர்கள் முடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டதில் பிழைத்தவர். வயசு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் மனைவி வடிவு, வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் அழுதுகொண்டிருந்தாள். அந்தோணிமேரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்டாள். மரக்காணம் பஸ் என்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. "அந்த வண்டிலதான் நான் தெனமும் வேலைக்குப் போறேன்" என்றதும் வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து, கரண்ட் வைத்து முடிந்து, ஊசிகள் ஆரம்பித்தன. இருவருக்கும் ஒரே தேதி விழுந்தது. முதல் பஸ்ஸில் சிங்காரமும் வடிவும் திண்டிவனம் வந்துவிடுவார்கள். நான்கு பேரும் சேர்ந்து ரயிலேறுவார்கள். சவுரிராயனுக்கு இடது பக்கம் இன்னும் தெரியாததால், பிளாட்பாரத்தில் சிங்காரம் அந்தப் பக்கமாகவே நடப்பார். "டிரைவர் அண்ணே, லெப்ட்ல நான் இருக்கேன், நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்பார். வடிவு கேழ்வரகு அடையும் கருவாட்டுத் தொக்கும் கொண்டுவருவாள். வேடிக்கையும் பேச்சுமாக, தாம்பரம் வரும்வரை நோய் நினைவில்லாத பயணங்கள் அவை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு சிங்காரத்தின் கை சிவந்து வீங்கியது. காய்ச்சல் அடித்தது. வடிவு பதறிப்போய், அந்தோணிமேரியைத் தேடிக்கொண்டு பிரம்மதேசத்துக்கே வந்துவிட்டாள். அந்தோணிமேரி வீக்கம் எப்படி இருக்கிறது, சீழ் உண்டா என்று கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"பயப்படாத வடிவு. இது நல்லது. உடம்பு கண்டுக்கிச்சு. உங்க ஊட்டுக்காரருக்கு நெச ஊசிதான் விழுந்திருக்கு."

"நெசமாவாக்கா?"

"நான் எத்தன பிள்ளைங்களுக்குப் போட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சவுரிராயனின் கை ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை.

அடுத்த வருஷக் கடைசியில் அவருக்குக் கட்டி திரும்பியது. ஊசியை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது ஆபரேஷன் செய்ய முடியாத இடத்தில் இருந்தது. கடைசி நான்கு மாதம் திண்டிவனம் வீட்டில் வைத்துத்தான் பார்த்தாள். அந்த மாதங்களில் சவுரிராயன் அவளை அடையாளம் தெரியாதவராக இருந்தார். யாரோ ஒரு பெண் வீட்டுக்குள் புகுந்து தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறாள் என்று நினைத்தார். சோறு ஊட்டினால் துப்புவார். "யாரும்மா நீ? மேரி வந்தா உன்ன சும்மா வுட மாட்டா" என்று கத்துவார். ஒருநாள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி எறிந்ததில் அவள் புருவம் கிழிந்தது. அவளே கண்ணாடி பார்த்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் கேட்டபோது கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள்.

தவக்காலம் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குச் சிங்காரமும் வடிவும் குப்பத்திலிருந்து வேன் வைத்து ஆட்களோடு வந்தார்கள். சிங்காரம்தான் பெட்டியின் இடது பக்கம் தோள் கொடுத்தார்.

அதன் பிறகு அந்தோணிமேரி தன் துக்கத்தை ஒரு மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டாள். அவருக்கு விழுந்தது வெறும் ஊசி. அதனால் போய்விட்டார். நிஜ ஊசி விழுந்திருந்தால் இருந்திருப்பார். இதில் யாருக்கும் குற்றம் இல்லை, சீட்டு அப்படி விழுந்தது. இந்த நினைப்பு அவளுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. சிங்காரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது இன்னும் உறுதிப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஒவ்வொன்றும் சுத்தம். அவர் மறுபடி கடலுக்குப் போனார். வடிவு பௌர்ணமிதோறும் திருவக்கரைக்குப் போய் வக்கிரகாளிக்கு விளக்குப் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் திண்டிவனத்தில் இறங்கி, அந்தோணிமேரிக்கு நண்டோ வவ்வால் மீனோ கொடுத்துவிட்டுப் போவாள். "ஆத்தாவும் ஊசியும் சேந்துதான்க்கா அவர நிறுத்தி வெச்சிருக்கு" என்பாள். அந்தோணிமேரி மீனை வாங்கிக்கொள்வாள். சில நாள் அதைச் சமைக்க மனசு வராமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவாள்.

மரக்காணம் கடற்கரை முழுக்கச் சிங்காரத்தின் பேர் பரவிவிட்டது. மண்டைக்குள் கட்டி வந்து ஊசியில் பிழைத்தவர். எங்கே யாருக்குத் தலைவலி வந்தாலும் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவரும் சலிக்காமல் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

2016இல் அவர் பங்காளி பெரியதம்பியின் மனைவி தையல்நாயகிக்கு வாய் கோணி, பேச்சு குழறியது. படம் எடுத்துப் பார்த்தார்கள். அதே கட்டி. கோதண்டபாணியின் ஆராய்ச்சியில் ஆள் சேர்ப்பது எப்போதோ முடிந்திருந்தது. ஆனால் சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் அதே தடுப்பூசி கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். பெரியதம்பி போய்க் கேட்டுவிட்டு வந்தார். படகு, இன்ஜின், வலை, சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடு எல்லாவற்றையும் விற்றால்தான் பணம் கட்ட முடியும். அவர் சிங்காரத்திடம் யோசனை கேட்டார்.

"வித்துட்டுப் போடு. படகு அப்புறம் வாங்கிக்கலாம். என்னப் பாத்துக்கினுதான இருக்க?" என்றார் சிங்காரம்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆராய்ச்சி முடிந்துவிட்டது, விருப்பமிருந்தால் வந்து யாருக்கு என்ன போட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம். வடிவு அந்தோணிமேரியைக் கூப்பிட்டாள். "நீங்களும் கூட வாங்கக்கா. டாக்டர் இன்னா சொல்றாருன்னு எங்களுக்கு வெளங்காது. அண்ணனுக்கு இன்னா போட்டாங்கன்னும் கேட்டுக்கலாம்."

எனக்குத்தான் தெரியுமே என்று அந்தோணிமேரி நினைத்துக்கொண்டாள். ஆனாலும் போனாள்.

டாக்டர் கோதண்டபாணிக்கு முடி முழுதும் நரைத்திருந்தது. அவளை முதலில் தனியாக உட்காரவைத்தார். தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். சொல்லுங்கள் என்றாள்.

"சவுரிராயனுக்குப் போட்டது நிஜத் தடுப்பூசிம்மா."

அவள் சரியாகக் காதில் விழாதவள்போல அவரையே பார்த்தாள்.

"கட்டியைக் காட்டின அணுக்கள்தான். எல்லா ஊசியும்."

"அவருக்குக் கை சிவக்கவே இல்லையே டாக்டர்."

"கை சிவக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நாங்களும் நெனைச்சோம். அப்படி இல்ல."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "அப்ப அது வேலை செய்யலையா?"

"அப்படியும் சொல்ல முடியலம்மா. எல்லாரையும் சேத்துக் கணக்குப் பாத்தா, நிஜ ஊசி போட்டவங்க மூணு நாலு மாசம் கூட இருந்திருக்காங்க. அதுவே தற்செயலா இல்லையான்னு எங்களுக்குள்ள இன்னும் வாதம் நடக்குது. ஒரு தனி ஆளப் பத்திக் கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. ஊசி இல்லாட்டி அவர் நாலு மாசம் முன்னாடியே போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்."

நாலு மாசம். அவர் அவளை யாரென்று தெரியாமல் கத்திய மாதங்கள் அவள் முன்னால் வந்து நின்றன. ஊசி அவருக்கு ஏதாவது கொடுத்திருந்தால் அதைத்தான் கொடுத்திருக்கிறது. ஊசி இல்லாவிட்டால், அவளைத் தெரிந்த சவுரிராயனாகவே அவர் போயிருக்கலாம். டாக்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். மேஜையில் அது முன்பே தயாராக இருந்தது. இந்த மாதம் எத்தனை பேரிடம் இப்படிச் சொன்னாரோ என்று தோன்றியது.

அடுத்து சிங்காரமும் வடிவும் உள்ளே வந்தார்கள். கூட இருக்கச் சொல்லி வடிவு அவள் தோளை அழுத்தினாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. சிங்காரத்துக்குப் போட்டது கட்டியைக் காட்டாத வெறும் அணுக்கள்.

"இன்னாக்கா சொல்றாரு?" என்று வடிவு அந்தோணிமேரியின் பக்கம் திரும்பினாள்.

"வெறும் ஊசியாம் வடிவு."

"யாருக்கு?"

"இவருக்கு."

"அப்ப எப்படி டாக்டர் இவரு...?" வடிவுக்கு வாக்கியம் முடியவில்லை.

"ஆயிரத்துல சில பேர் இப்படி இருக்காங்கம்மா. ஏன்னு யாருக்கும் தெரியாது" என்றார் கோதண்டபாணி.

திரும்பும் ரயிலில் சிங்காரம் கதவோரம் போய் நின்றுகொண்டார். செங்கல்பட்டு ஏரி கண்ணில்பட்டபோதுகூட அவர் தலை திருப்பவில்லை. வடிவு அந்தோணிமேரியின் காதருகே குனிந்து மெதுவாகப் பேசினாள்.

"யாருக்கும் சொல்லாதீங்கக்கா. ஊசி இருக்குதுன்ற தெம்புலதான் அவரு கடலுக்கே போறாரு. அது போச்சுன்னா மனுசன் உக்காந்துடுவாரு."

"பெரியதம்பி வீட்ட விக்கப் போறாரே வடிவு."

"அது அவுங்க பாடு."

"இவரப் பாத்துத்தான விக்கிறாரு? நெச ஊசி போட்டுக்கினு என் ஊட்டுக்காரர் போயிட்டாரு. அது தெரிஞ்சிக்கினு நான் எப்படி வாய மூடிக்கினு இருக்கிறது?"

வடிவு நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். "உடம்பு கண்டுக்கிச்சு, நெச ஊசிதான்னு எனக்குச் சொன்னது யாரு? நீங்கதான்க்கா."

திண்டிவனத்தில் இறங்கியதும் வடிவு சொல்லிக்கொள்ளாமலே மரக்காணம் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தோணிமேரி குப்பத்துக்குப் போனாள். வழி நெடுக என்ன சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். பெருமுக்கல் மலை தாண்டியது, பிரம்மதேசம் தாண்டியது, உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்க ஆரம்பித்தன, வார்த்தை மட்டும் சேரவில்லை. பெரியதம்பியின் வீட்டில் தையல்நாயகி கட்டிலில் சுவரோரம் படுத்திருந்தாள். காலேஜில் படிக்கும் மகள் ஷாலினி அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தோணிமேரி பெரியதம்பியை வெளியே படகு நிறுத்தியிருந்த மணலுக்கு அழைத்துப் போய், ஆஸ்பத்திரியில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஷாலினி வாசலில் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"அப்ப அந்த ஊசி போட்டா இவ பொழைக்க மாட்டாளா?" என்றார் பெரியதம்பி.

"பொழைப்பாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. அந்தக் கிளினிக்குக்காரங்க சொன்னாலும் நம்பாதீங்க. இருக்கிறதெல்லாம் வித்துட்டீங்கன்னா இந்தப் பொண்ணுக்கு நாளைக்கு ஒரு வழி வேணாமா? அரசாங்க ஆஸ்பத்திரியில கரண்ட் வைக்கிறாங்க, மாத்திரை தர்றாங்க. அது போதும்."

"சிங்காரம் உசுரோட இருக்கானே."

"அது ஊசியால இல்லங்க."

ஷாலினி படியிறங்கி வந்தாள். கையில் கஞ்சிக் கிண்ணம் அப்படியே இருந்தது. குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "உங்க வீட்டுக்காரர் செத்துட்டாரு, அதனால எங்கம்மாவும் சாகட்டும்ன்றீங்களா?"

பெரியதம்பி மகளை அதட்டினார். ஆனால் அவர் முகத்திலும் அந்தக் கேள்வி இருந்தது.

அவர் விற்கவில்லை. அது மகள் சொன்னதையும் மீறி எடுத்த முடிவா, அல்லது வாங்க வந்தவன் விலையைக் குறைத்ததாலா என்பது அந்தோணிமேரிக்குக் கடைசிவரை தெரியாது. தையல்நாயகிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். சில மாதம் எழுந்து நடமாடினாள், குழம்புகூட வைத்தாள் என்று கேள்விப்பட்டபோது அந்தோணிமேரி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மறு வருஷம் ஐப்பசியில் தையல்நாயகி செத்துப்போனாள்.

சாவுக்குப் போக வேண்டாம் என்றுதான் அந்தோணிமேரிக்கு இருந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை. மாலை வாங்கிக்கொண்டு போனாள். பந்தலுக்குள் நுழைந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒருத்தி வேண்டுமென்றே காதில் விழுகிறமாதிரி சொன்னாள்: "படக வித்து ஊசி போட்டிருந்தா இந்நேரம் எழுந்து ஒக்காந்திருப்பா. வந்து கெடுத்துட்டுப் போனாங்க." ஷாலினி அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அந்தோணிமேரி போட்ட மாலையை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து சிங்காரம் எழுந்தார். இந்த ஒரு வருஷத்தில் இளைத்துப்போயிருந்தார். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டதாகக் கேள்வி. பந்தலின் நடுவில் வந்து நின்று, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார். "எனக்குப் போட்டது வெறும் ஊசி. டாக்டரே சொன்னாரு, நான் கேட்டுக்கினு வந்தேன். ஒங்ககிட்டலாம் மறைச்சிட்டேன். டிரைவர் அண்ணனுக்குத்தான் நெச ஊசி போட்டாங்க. நர்சம்மா சொன்னது அத்தனையும் உண்மை."

ஒரு கிழவர், "சரி சரி, நீ ஒக்காரு சிங்காரம். அந்தம்மாவுக்காவ நீ இன்னாத்துக்குப் பொய் சொல்ற?" என்றார். இன்னும் சிலர் தலையாட்டினார்கள். நல்ல மனுஷன், விட்டுக்கொடுக்காமல் பேசுகிறான் என்று பெண்கள் பக்கம் முணுமுணுத்தார்கள். அவர் உயிரோடு நிற்கிறார். அதற்கு முன்னால் அவர் என்ன சொன்னாலும் எடுபடாது என்று அந்தோணிமேரிக்கு அப்போது புரிந்தது.

அவள் பாடை எடுக்கும்வரை இருந்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ்ஸுக்கு நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பின்னாலேயே யாரோ வேகமாக வரும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். வடிவு. ஒரு வருஷத்துக்கு மேல் பேசாதவள், மூச்சிரைக்கப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா."

அந்தோணிமேரி அவள் தலைக்கும் சேர்த்துக் குடையைப் பிடித்தாள்.

"அவருக்குத் தல வலிக்குதாம். முந்தாநாள்லேர்ந்து சொல்றாரு. அன்னிக்கி அதத் தெரிஞ்சிக்கினதுலேர்ந்து சரியாத் தூங்கறதில்ல, தின்றதில்ல. ஸ்கேனுக்குக் கூப்பிட்டா வர மாட்டேன்றாரு." முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "இது அதுவாக்கா?"

முன்பு ஒருநாள் சட்டென்று பதில் சொல்லிவிட்டவள், இந்தத் தடவை வடிவின் ஈரமான கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியல வடிவு. நாளைக்கே போலாம். நான் வந்து கூப்பிட்டா வருவாரு."

வந்தார். ஸ்கேன் எடுத்துவிட்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள். கோதண்டபாணி படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார். பிறகு சொன்னார், கட்டி இல்லை. பழைய தழும்பு மட்டும்தான்.

வடிவு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் சிங்காரம் அழுதார். ஆபரேஷன் நாளில் அழாதவர், டிரைவர் அண்ணன் பெட்டியைத் தூக்கும்போது அழாதவர், முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார். "முன்னெல்லாம் நான் ஏன் இருக்கேன்னு எனக்குத் தெரியும் டாக்டர்" என்றார். "இப்போ ஒண்ணுமே தெரியல. எப்போ வந்து புடிக்கும்னு பாத்துக்கினே ஒக்காந்திருக்கேன். அண்ணன் போயிட்டாரு, தையல்நாயகி போயிட்டா. நான் மட்டும் இன்னாத்துக்கு?"

டாக்டர் நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க உடம்பு ஊசி இல்லாமயே அந்தக் கட்டிய எப்படியோ கண்டுபிடிச்சிருக்கு. எங்க ஊசி செய்ய நெனைச்சத அது தானாவே செஞ்சிருக்கு. எப்படின்னு தெரிஞ்சா அடுத்த ஊசிய வேற மாதிரி செய்யலாம். அதுக்கு உங்க ரத்தம் வேணும். அன்னிக்கி எடுத்த மாதிரியே மெஷின்ல வெச்சு எடுக்கணும். மாசாமாசம் வரணும். உங்களுக்கு இதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. அதையும் சொல்லிடறேன்."

"வேற யாருக்காவது ஆவுமா?"

"தெரியாது. ஆகலாம். ஆக இன்னும் இருபது வருஷம்கூடப் பிடிக்கலாம். நான் பாக்க மாட்டேன்."

சிங்காரம் வடிவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்தோணிமேரியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார்.

மெஷின் ஓட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே போய் இன்னொரு குழாய் வழியே உள்ளே வந்தது. மெஷினில் தொங்கிய பையின் அடியில் மங்கலான மஞ்சள் நிறத்தில் ஏதோ சேர ஆரம்பித்தது. வடிவு அதைப் பார்க்க முடியாமல் கதவுக்கு வெளியே போய் நின்றாள். கடைசி ரயில் போய்விடும், பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும் என்று அந்தோணிமேரி கணக்குப் போட்டாள். பிறகு ஸ்டூலை இழுத்து, சிங்காரத்தின் கட்டிலுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா என்று தெரியவில்லை.